நிலையத்துக்கு நிலையம் மாறும் பாதுகாப்புச் சோதனை: மூட்டு மாற்றியவர்களும் முதியவர்களும் என்ன செய்வது?

வைகைக்கரை எழுதியது:

என் தாயாருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. இரண்டு முழங்கால்களிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அதன் பிறகு விமான நிலையத்தில் மெட்டல் டிடெக்டர் வாயிலைக் கடக்கும்போதெல்லாம் மணி ஒலிக்கிறது. உடலுக்குள் உலோகம் இருப்பதால் ஒலிக்கத்தான் செய்யும். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஒலித்த பிறகு நடப்பதுதான் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒரு நிலையத்தில் பெண் பணியாளர் கைக்கருவியை முழங்காலருகே கொண்டுசென்று பார்த்து, புடவைக்கு மேலாகத் தொட்டுப் பார்த்து, "ஆபரேஷனா அம்மா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். மற்றொரு நிலையத்தில் தழும்பைக் காட்டச் சொல்லிப் புடவையை முழங்காலுக்கு மேலே உயர்த்த வைத்தார்கள். அந்தத் தடுப்பின் திரை முழுவதுமாக மூடப்படவில்லை. வேறொரு இடத்தில் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து, ஊன்றுகோல் இல்லாமல் வாயிலைக் கடக்க வேண்டும் என்றார்கள். அறுவை செய்த மருத்துவரின் கடிதத்தை ஓரிடத்தில் வரிவரியாகப் படித்தார்கள், மற்ற இடங்களில் கையில் வாங்கவே இல்லை.

இப்போது அம்மா என் தம்பியின் ஊருக்கு வர மறுக்கிறார். வலியைப் பொறுத்துக்கொள்வேன், அந்தத் திரைக்குள் நிற்க மாட்டேன் என்கிறார். நான் அறிய விரும்புவது, இதற்கென்று உண்மையில் ஒரு விதி இருக்கிறதா, அல்லது பணியில் இருப்பவரின் மனப்போக்குதான் விதியா என்பதே. இத்துறையில் பணிபுரிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழையகாவலர் எழுதியது:

அம்மா, நான் பல ஆண்டுகள் விமான நிலையப் பாதுகாப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் தங்கள் தாயாருக்கு நேர்ந்ததற்காக வருந்துகிறேன்.

வாயிலில் ஒலிக்கும் கருவிக்கு உலோகம் இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். அது மூட்டா, தாலிச் சரடில் கோத்த ஊக்கா, இடுப்பில் செருகிய சாவிக்கொத்தா என்பதை அதனால் சொல்ல இயலாது. ஆகவே ஒலித்தவர் ஒவ்வொருவரையும் கையால் சோதித்து, ஒலிக்கான காரணத்தைத் தீர்த்த பிறகே அனுப்ப வேண்டும். மருத்துவரின் கடிதத்தைப் பலர் பொருட்படுத்தாமல் இருப்பதற்கும் இதுவே காரணம். கடிதம் உண்மையா என்று அந்த இடத்தில் சரிபார்க்க எவருக்கும் வழியில்லை. கடிதம் எதைச் செய்யும் என்றால், பணியாளர் எங்கே கைவைக்க வேண்டும், எங்கே அழுத்தக் கூடாது என்பதைச் சொல்லும். அதற்காகவாவது எடுத்துச் செல்லுங்கள். அறுவை நடந்த உறுப்பின் பெயர் முதல் வரியிலேயே இருக்கட்டும்.

தழும்பைக் காட்டச் சொன்னது தேவையற்ற செயல். தழும்பு இருப்பதால் உள்ளே இருப்பது மூட்டுதான் என்று உறுதியாகிவிடாது. துணிக்கு மேலே தொட்டுப் பார்ப்பதும், தேவைப்பட்டால் வெடிமருந்துத் துகள் கண்டறியும் கருவியால் சோதிப்பதும்தான் பயனுள்ள வழி. சிறு துணித்துண்டால் கையையோ ஆடையையோ துடைத்து அந்தக் கருவிக்குள் செலுத்துவார்கள். கருவி அத்துணியைச் சூடாக்கி, எழும் ஆவியை மின்னேற்றம் பெறச் செய்து, அந்தத் துகள்கள் ஒரு குழலைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு அவை எந்தப் பொருள் என்று கணிக்கும். சில நொடிகளில் முடியக்கூடிய சோதனை. கிளிசரின் கலந்த கைப்பூச்சும் சில உரங்களின் துகளும் எப்போதாவது தவறான எச்சரிக்கையை எழுப்பக்கூடும் என்பதால், வயலிலிருந்து நேரே கிளம்பி வருபவர்கள் கையைச் சோப்பிட்டுக் கழுவிவிட்டு வருவது நல்லது.

நடைப்பயணி எழுதியது:

எனக்கு வலது காலில் முழங்காலுக்குக் கீழே இல்லை. செயற்கைக் காலுடன்தான் அலுவலகம், சந்தை, பேருந்து எல்லாம். வெளியூர்ப் பயணம் முழுவதிலும் நான் அஞ்சும் ஒரே இடம் சோதனைக்கூடம்.

செயற்கைக் காலைக் கழற்றுவது காலணியைக் கழற்றுவது போன்றது என்று பலர் எண்ணுகிறார்கள். குறைந்த காலின் மீது மென்மையான உறை ஒன்று இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கும். அதன் மேல்தான் செயற்கைக் கால் பூட்டிக்கொள்கிறது. கழற்றிய சில நிமிடங்களில் குறைந்த கால் சற்றே வீங்கத் தொடங்கும். வியர்வையைத் துடைத்து, உறையைச் சுருக்கமின்றி மீண்டும் ஏற்றி, சரியான கோணத்தில் பூட்டாவிட்டால் அன்று முழுவதும் தோல் உரியும். இதற்கு உட்கார ஓர் இருக்கை வேண்டும், சுத்தமான தரை வேண்டும், பத்து நிமிடம் வேண்டும். பெரும்பாலான தடுப்புகளில் இருக்கையே கிடையாது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கும்போது என் கால், பிறருடைய காலணிகளுக்கு நடுவே தட்டில் வைக்கப்பட்டு எக்ஸ்ரே பட்டையில் ஊர்ந்து செல்வதை நான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

விதி என்ன என்று வைகைக்கரை கேட்டார். 2021 அக்டோபரில் நடனக் கலைஞர் சுதா சந்திரன் இதே வேதனையைக் காணொளியாகப் பதிவு செய்து பிரதமருக்கு முறையிட்டார். 1981இல் திருச்சிக்கு அருகே நடந்த பேருந்து விபத்துக்குப் பின் காலை இழந்து, 'ஜெய்ப்பூர் கால்' எனப்படும் செயற்கைக் காலுடன் மீண்டும் மேடையேறியவர் அவர். மூத்த குடிமக்களுக்கு இருப்பதைப் போல எங்களுக்கும் ஓர் அட்டை வழங்குங்கள் என்பதே அவர் கேட்டது. விமான நிலையங்களில் சோதனை நடத்தும் மத்திய தொழில் பாதுகாப்புப் படை அவரிடம் வருத்தம் தெரிவித்தது. அப்போது அப்படையே வெளியிட்ட விளக்கத்தின்படி, செயற்கை உறுப்பைக் கழற்றச் சொல்வது விதிவிலக்கான சூழலில் மட்டுமே செய்யத்தக்கது. எனவே வழக்கமான நடைமுறை கழற்றாமல் சோதிப்பதுதான் என்பதை அப்படையே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் புகழ்பெற்ற ஒருவர் பேசினால் வருத்தம் தெரிவிக்கப்படுகிறது; என்னைப் போன்றவர்கள் வரிசையில் நின்று அந்த அறிக்கையை மேற்கோள் காட்டினால், அது எங்களுக்கு வரவில்லை என்ற பதில்தான் கிடைக்கிறது.

கொங்குநாடன் எழுதியது:

உங்கள் இருவரின் துன்பத்தையும் மதிக்கிறேன். ஆயினும் மறுபக்கத்தையும் யாரேனும் சொல்ல வேண்டும்.

1984 ஆகஸ்ட் 2ஆம் நாள் இரவு மீனம்பாக்கத்தில் வெடித்த பெட்டியை என் தலைமுறையினர் மறக்க மாட்டார்கள். கொழும்பு செல்லும் விமானத்தில் ஏற்றும் எண்ணத்துடன் கொண்டுவரப்பட்ட அது நிலையத்திலேயே வெடித்து முப்பது பேரளவில் உயிரிழந்தார்கள். மறு ஆண்டு ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அருகே கடலுக்கு மேல் வெடித்துச் சிதறி 329 பேர் மாண்டார்கள். அதில் வெடிகுண்டுப் பெட்டியை ஏற்றியவர் விமானத்தில் ஏறவே இல்லை. 1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவிலிருந்து கிளம்பிய விமானம் கடத்தப்பட்டு, அதில் இருந்தவர்கள் காந்தஹாரில் ஆண்டின் கடைசி நாள் வரை அடைபட்டுக் கிடந்தார்கள். அதன் விளைவாகத்தான் 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி விமான நிலையங்கள் ஒவ்வொன்றாக மத்திய தொழில் பாதுகாப்புப் படையின் பொறுப்பில் வந்தன.

வயதானவர், உடல் குறைபாடு உள்ளவர் என்று ஒரு பிரிவினருக்குத் தளர்வு கொடுத்தால், தீங்கு செய்ய நினைப்பவன் முதலில் அந்தத் தளர்வைத்தான் தேடி வருவான். ஒரு நிமிட அவமானத்தையும் முந்நூறு உயிரையும் தராசில் வைத்தால் எது கனக்கும்?

நடைப்பயணி எழுதியது:

ஐயா, தளர்வை நான் கேட்கவில்லை. துகள் சோதனை செய்யட்டும், தொட்டுப் பார்க்கட்டும், ஐயம் வலுவாக இருந்தால் தனி அறையில் இருக்கை கொடுத்துக் கழற்றியும் பார்க்கட்டும். இவை அனைத்துக்கும் உடன்படுகிறேன். உங்கள் தராசின் ஒரு தட்டில் நீங்கள் வைத்த அவமானம், மறு தட்டில் உள்ள உயிர்களைக் காப்பாற்றியதற்கு என்ன சான்று என்பதே என் கேள்வி.

பழஞ்சுவடி எழுதியது:

கொங்குநாடன் அவர்கள் குறிப்பிட்ட நிகழ்வுகள் உண்மை. அவற்றிலேயே உற்றுநோக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மீனம்பாக்கத்திலும் கனிஷ்காவிலும் ஆபத்து வந்தது சரக்கறைக்குச் செல்லும் பெட்டிகளின் வழியாக. பயணி ஏறாவிட்டால் அவருடைய பெட்டியை இறக்கிவிட வேண்டும் என்ற நடைமுறை பின்னர் உலகெங்கும் உறுதியானது. அது எந்தப் பயணியையும் தொடாமல், எவர் மனத்தையும் புண்படுத்தாமல் உயிர்களைக் காக்கிறது. இந்தியாவில் இந்த விதிகளை வகுக்கும் சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம், 1976இல் நடந்த ஒரு கடத்தலை ஆராய்ந்த பாண்டே குழுவின் பரிந்துரைப்படி 1978இல் ஒரு சிறு பிரிவாகத் தொடங்கி, கனிஷ்காவுக்குப் பின் 1987இல்தான் தனித் துறையாயிற்று.

பயணியின் உடலைத் தொடும் விதிகள் பெரும்பாலும் பிற நாட்டு நிகழ்வுகளிலிருந்து பிறந்தவை. 2001 டிசம்பரில் பாரிஸிலிருந்து மியாமிக்குப் பறந்த விமானத்தில் ரிச்சர்ட் ரீட் என்பவர் காலணிக்குள் வெடிமருந்துடன் பிடிபட்டார். 2006 ஆகஸ்ட் முதல் அமெரிக்காவில் எல்லாரும் காலணியைக் கழற்ற வேண்டியதாயிற்று. அந்த விதி 2025 ஜூலையில்தான் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் கருவிகள் எவ்வளவோ மாறியும், வெறுங்காலுடன் நடக்கும் விதி தன் இடத்திலேயே இருந்தது. நம் நாட்டிலும் கைப்பையில் கட்டிய அட்டையில் முத்திரை குத்தும் வழக்கம் இருந்ததை நினைத்துப் பாருங்கள். முத்திரை விழாத அட்டையுடன் விமான வாயில் வரை சென்று, மீண்டும் சோதனைக்கூடத்துக்கு ஓடிவந்தவர்கள் எத்தனை பேர்! 2017 ஏப்ரலில் ஏழு பெரிய நிலையங்களில் அது நிறுத்தப்பட்டது, பிறகு மற்ற இடங்களிலும். அதனால் பாதுகாப்பு குறைந்துவிட்டதாக எவரும் சொல்லவில்லை.

கடுமை இருந்தால் பாதுகாப்பும் இருக்கும் என்ற எண்ணத்தை 2015இல் அமெரிக்காவில் வெளிவந்த செய்தி ஒன்று கலைத்தது. அரசின் ஆய்வாளர்களே பயணிகளைப் போலச் சென்று போலி ஆயுதங்களையும் வெடிபொருள்களையும் கடத்திப் பார்த்தபோது, 70 முயற்சிகளில் 67 பிடிபடவில்லை. செய்தி வெளியானதும், அங்கே விமான நிலையச் சோதனையை நடத்தும் நிறுவனத்தின் தற்காலிகத் தலைவர் மாற்றப்பட்டார். அந்த ஆண்டிலும் அங்கே பயணிகள் பெரும்பாலோர் காலணியைக் கழற்றிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பழையகாவலர் எழுதியது:

பழஞ்சுவடி சொன்ன அந்தச் சோதனையைப் பற்றி எங்கள் பணியறையிலும் நெடுநேரம் பேசினோம். எக்ஸ்ரே திரையைப் பார்ப்பவரின் சோர்வு வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. எக்ஸ்ரே படத்தை ஒருவர் தொடர்ந்து இருபது நிமிடத்துக்கு மேல் பார்க்கக் கூடாது என்பது பல நாடுகளில் உள்ள நடைமுறை. அதற்கு மேல் கண் பார்க்கும், மனம் பார்க்காது. பணியாளரின் கவனத்தை அளக்க, உண்மையில் பையில் இல்லாத துப்பாக்கியின் படத்தைக் கணினியே இடையில் செருகிக் காட்டும் ஏற்பாடும் உண்டு. பண்டிகைக் காலத்தில் வரிசை வாயிலுக்கு வெளியே நீளும்போது, மேலதிகாரி ஒரு பக்கம் வேகம் கேட்பார், இன்னொரு பக்கம் ஒன்றும் தப்பக் கூடாது என்பார். 2022 டிசம்பரில் டெல்லியின் மூன்றாவது முனையத்தில் கூட்டம் கட்டுக்கடங்காமல் போய் அமைச்சரே நேரில் வந்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அத்தகைய நாளில் பொறுமையாகக் கேள்வி கேட்டு முதியவரின் முழங்காலைச் சோதிக்க எவருக்கும் நேரம் கொடுக்கப்படுவதில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. ஆள் பற்றாக்குறை அவமதிப்பாக மாறுவது இப்படித்தான் என்பதை நீங்கள் அறிய வேண்டும் என்றே எழுதுகிறேன்.

வைகைக்கரை எழுதியது:

ஐயா நேரத்தைப் பற்றிப் பேசியதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் ஆண்களைத் திறந்த இடத்தில் மேடை மீது நிறுத்திச் சோதிக்கிறார்கள். பெண்களுக்குத் திரையிட்ட தடுப்பு. அது தேவையான ஏற்பாடுதான், ஆனால் பல நிலையங்களில் ஆண்களுக்குப் பல வரிசைகள் ஓடும்போது பெண்களுக்கான தடுப்பு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். கைப்பை, தொலைபேசி, கழற்றிய வளையல் எல்லாம் எக்ஸ்ரேயின் மறுமுனைக்குச் சென்று, கேட்பாரற்றுத் தட்டில் கிடக்கும். அம்மா போன்றவர்கள் வரிசையில் நின்றபடி அந்தத் தட்டை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திரைக்குள் அவர்கள் பதற்றத்துடன் நுழைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாடவீதி எழுதியது:

மொழியைப் பற்றி ஏன் எவரும் பேசவில்லை? என் பெற்றோர் தமிழ் மட்டுமே அறிந்தவர்கள். தமிழ்நாட்டு நிலையத்திலேயே "பெல்ட்டைக் கழற்றுங்கள்", "கையை விரியுங்கள்", "திரும்புங்கள்" என்பவை அவர்களுக்கு விளங்காத மொழியில், குரலை உயர்த்திச் சொல்லப்படுகின்றன. குரலை உயர்த்தினால் புரிந்துவிடும் என்று எந்தப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று கேட்ட நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியிடம், நீங்கள் இந்தியரா என்று ஒரு பணியாளர் கேட்டார் என்பது நாடறிந்த செய்தி. விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. நாடாளுமன்ற உறுப்பினருக்கே அப்படியென்றால், முதன்முதலாகப் பேரனைப் பார்க்கத் துபாய் போகும் மூதாட்டியின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

படை நாடு முழுவதற்கும் பொதுவானது, பணியாளர்கள் எங்கிருந்தும் வருவார்கள் என்பதை ஏற்கிறேன். ஆனால் சோதனைக்குத் தேவைப்படும் சொற்கள் இருபதைத் தாண்டாது. அந்த இருபதை அந்தந்த மாநில மொழியில் கற்பிப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. படங்களுடன் கூடிய பலகை வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும். புரியாமல் தயங்கி நிற்பவரைக் கண்காணிப்புத் திரையில் பார்ப்பவர்கள், ஏதோ மறைப்பவர் என்று எண்ணிக்கொள்ளவும் இடமிருக்கிறது. மொழி புரியாதது பாதுகாப்புக்கே குறைவு என்பதைக் கொங்குநாடன் போன்றவர்கள் கவனிக்க வேண்டும்.

வடமராட்சி எழுதியது:

நான் இலங்கையைச் சேர்ந்தவள். போர்க்காலத்தில் வளர்ந்த எங்களுக்குச் சோதனை என்பது விமான நிலையத்தில் மட்டும் நடந்த ஒன்றன்று. வீதியில், பேருந்தில், வீட்டு வாசலில் எல்லாம் நடந்தது. 1986 மே மாதம் கட்டுநாயக்காவில் நின்றிருந்த ஏர் லங்கா விமானத்தில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். 2001 ஜூலை 24 அன்று அதே நிலையமும் அருகிலிருந்த விமானப்படைத் தளமும் தாக்கப்பட்டு விமானங்கள் பல எரிந்தன. அந்தக் காலத்துக் கெடுபிடிக்கு மெய்யான காரணம் இருந்ததை மறுக்க மாட்டேன்.

ஆனால் அடையாள அட்டையில் பெயரையும் பிறந்த ஊரையும் பார்த்த பிறகு கேள்விகளின் எண்ணிக்கை கூடியதை நாங்கள் அனுபவித்திருக்கிறோம். எல்லாரையும் ஒரே விதமாகச் சோதித்தால் ஒருவர் களைப்படைவார். தன்னை மட்டும் வேறு விதமாகச் சோதிக்கும்போதுதான் மனம் கசந்துபோகிறது. இந்த இழையைத் தொடங்கிய அக்காவின் தாயார் பயணமே வேண்டாம் என்று சொல்வதை நான் நன்றாகவே விளங்கிக்கொள்கிறேன். எங்கள் குடும்பத்திலும் அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள், சொன்னபடியே இருந்தும் விட்டார்கள்.

கதிர்ப்படம் எழுதியது:

மருத்துவக் கதிர்ப்படத் துறையில் பணிபுரிகிறேன். கருவிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

வைகைக்கரை அவர்களின் தாயாருக்குப் பொருத்தமான கருவி முழு உடல் ஸ்கேனர். இப்போது பரவலாக உள்ளவை மில்லிமீட்டர் அலைகளைப் பயன்படுத்துபவை. அவை எக்ஸ்ரே அல்ல. உடலுக்குள் ஊடுருவாமல் தோலின் மேற்பரப்பிலிருந்து திரும்பி வருபவை. ஆகவே உள்ளே உள்ள மூட்டு அவற்றுக்குத் தெரியாது, மணியும் ஒலிக்காது. ஆடைக்கும் தோலுக்கும் இடையே ஏதேனும் இருந்தால் மட்டும் ஒரு பொதுவான மனித உருவத்தின் மீது அந்த இடத்தைக் கட்டமிட்டுக் காட்டும். 2009 டிசம்பரில் டெட்ராய்ட் சென்ற விமானத்தில் உள்ளாடைக்குள் வெடிமருந்து வைத்திருந்தவர் பிடிபட்ட பிறகு இவை பெருகின. தொடக்கத்தில் அமெரிக்காவில் வைத்த ஒரு வகைக் கருவி பயணியின் உடலை ஏறத்தாழ ஆடையின்றிக் காட்டியதால் பெரும் எதிர்ப்பு எழுந்து, 2013இல் அந்தக் கருவிகள் அகற்றப்பட்டன. இந்தியாவில் 84 நிலையங்களில் முழு உடல் ஸ்கேனர்களை ஓராண்டுக்குள் நிறுவ வேண்டும் என்று 2019இலேயே உத்தரவிடப்பட்டது. அந்தக் கெடு கடந்து ஆண்டுகள் பல ஆகியும் பெரும்பாலோர் பழைய வாயிலைத்தான் கடக்கிறார்கள். புடவையின் கொசுவம் போன்ற தடித்த மடிப்புகளை இக்கருவி சில வேளை ஐயத்துக்குரிய பொருளாகக் காட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்போது அந்த ஓரிடத்தை மட்டும் தொட்டுப் பார்த்தால் போதும்.

இதய முடுக்கி பொருத்தியவர்கள் வாயிலை இயல்பான நடையில் கடக்கலாம், நடுவில் நிற்கக் கூடாது. கைக்கருவியை முடுக்கியின் மேலேயே பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று பணியாளரிடம் சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு. இன்சுலின் பம்ப் அணிந்தவர்கள், எந்தக் கருவி வழியாகச் செல்லலாம் என்பதை அதன் தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். சில வகைகளை எக்ஸ்ரே பட்டையில் வைக்கவே கூடாது.

மலையாத்திரை எழுதியது:

விதி நியாயமாக மாறவும் கூடும் என்பதற்கு ஒரு சான்று. கைப்பையில் தேங்காய்க்கு அனுமதி இல்லாததால், இருமுடி கட்டிச் செல்லும் ஐயப்ப பக்தர்கள் நெய்த்தேங்காயைப் பெட்டியில் போட்டுச் சரக்காக அனுப்ப வேண்டியிருந்தது. தலையிலிருந்து இறக்கத் தயங்கும் முடியைச் சரக்கறைக்கு அனுப்புவது எத்தனை சங்கடம் என்பது கட்டியவர்களுக்குத் தெரியும். 2024 அக்டோபரில், அந்தப் பருவத்துக்கு மட்டும், 2025 ஜனவரி 20 வரை இருமுடியுடன் தேங்காயைக் கைப்பொருளாகக் கொண்டுசெல்லலாம் என்று அனுமதித்தார்கள். எக்ஸ்ரே, துகள் சோதனை, கையால் பார்ப்பது ஆகிய மூன்றும் உண்டு என்ற நிபந்தனையுடன். சோதனையை விடாமலேயே வழி கண்டார்கள் அல்லவா?

சிங்கைவாசி எழுதியது:

ஒரு நாட்டுக்குள்ளேயே மாறுபடும் நடைமுறை பற்றிப் பேசுகிறோம். நாடு விட்டு நாடு சென்றால் குழப்பம் இரட்டிப்பாகிறது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் முதல் மூன்று முனையங்களில் கைப்பைச் சோதனை விமான வாயிலுக்கு அருகில் நடக்கும். அதனால் தண்ணீர்ப் புட்டியை ஏறுவதற்குச் சற்று முன்புதான் காலி செய்ய வேண்டும். நான்காவது முனையத்தில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் முன்கூட்டியே முடிந்துவிடும். வரியில்லாக் கடையில் வாங்கிய திரவத்தை முத்திரையிட்ட பையில் தருவார்கள். அதைப் பிரித்துவிட்டால், அடுத்த நாட்டில் விமானம் மாறும்போது பறித்துக்கொள்வார்கள். இதைக் கடையில் தெளிவாகச் சொல்வதில்லை. திருச்சி வழியாக ஊருக்குப் போய்ச் சேருபவர்களுக்குக் கவலையில்லை, ஆனால் இடையில் விமானம் மாறுபவர்கள் பிரிக்காமல் வைத்திருங்கள்.

100 மில்லிலிட்டர் வரம்பும் இப்படித்தான். 2006இல் பிரிட்டனில் திரவ வெடிபொருள் சதி வெளிப்பட்ட பிறகு வந்த விதி அது. பையை முப்பரிமாணத்தில் காட்டும் புதிய சி.டி. ஸ்கேனர்கள் வந்ததும் சில ஐரோப்பிய நிலையங்கள் வரம்பைத் தளர்த்தின. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் பழைய வரம்பை மீண்டும் கொண்டுவந்தது. 2025இல் எடின்பரோவில் இரண்டு லிட்டர் வரை அனுமதித்தார்கள். போகும்போது எடுத்துச் சென்ற தொக்கு, திரும்பும்போது குப்பைத் தொட்டிக்குப் போனால், குழம்பிய பயணியைக் குறை சொல்ல முடியுமா? தொக்கும் ஊறுகாயும் திரவக் கணக்கிலேயே சேரும் என்பதால் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

கொங்குநாடன் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். இருக்கை, திரை, மொழி ஆகியவற்றில் உங்கள் கோரிக்கைகளை முழுமையாக ஏற்கிறேன். அவை பாதுகாப்பைக் குறைப்பவை அல்ல. ஆனால் செயற்கை உறுப்பை எப்போது கழற்றச் சொல்வார்கள், எப்போது சொல்ல மாட்டார்கள் என்பதைப் பலகையில் எழுதி வைப்பது, அதைத் தவறாகப் பயன்படுத்த நினைப்பவனுக்குப் பாடம் நடத்துவது போலாகும். நடைமுறை ஓரளவு மறைவாக இருப்பதே நல்லது என்று இன்னும் கருதுகிறேன்.

நடைப்பயணி எழுதியது:

ஏற்றவற்றுக்கு நன்றி, ஐயா. மறைவைப் பற்றி மட்டும் மறுமொழி சொல்கிறேன்.

2001 செப்டம்பர் தாக்குதலைச் சந்தித்த அமெரிக்காவே இவற்றை வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. செயற்கை உறுப்பைக் கழற்றாமலேயே சோதிக்கலாம் என்றும், பணியாளர் அதைத் தொட்டுப் பார்ப்பார், துகள் சோதனை செய்வார் என்றும், விரும்பினால் தனி அறையில், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு சோதனையை முடிக்கலாம் என்றும் அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் எவரும் படிக்கலாம். பயணத்துக்கு 72 மணி நேரம் முன்பே அழைத்துத் தன் நிலையைச் சொல்லி உதவி கேட்கத் தொலைபேசி எண்ணும் உண்டு. உடல்நிலையைப் பேசாமலே காட்ட ஓர் அட்டையும் உண்டு. அட்டை இருப்பதால் சோதனையிலிருந்து விலக்குக் கிடைக்காது. பலர் முன்னிலையில் உரக்கச் சொல்ல வேண்டிய நிலை மட்டும் நீங்கும். சுதா சந்திரன் கேட்டதும் அத்தகைய ஓர் அட்டையைத்தான்.

இரகசியமாக வைக்க வேண்டியவை இருக்கின்றன: கருவியின் உணர்திறன், எந்த நாளில் எந்தக் கூடுதல் சோதனை என்பன போன்றவை. பயணியிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது அந்த வகையைச் சேர்ந்ததன்று. அது எழுதப்படாத இடத்தில் தீங்கு செய்பவன் தடுக்கப்படுவதில்லை. வரிசையில் நிற்கும் முதியவரும், எதைச் செய்தால் மேலதிகாரி கடிந்துகொள்வாரோ என்று அஞ்சும் இளம் பணியாளரும்தான் தவிக்கிறார்கள். பழையகாவலர் ஐயா விவரித்த பரபரப்பில், எழுதி ஒட்டிய ஒரு தாள் அந்தப் பணியாளருக்கும் காப்பாக இருக்கும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்துவிட்டது. அதை முன்வைத்து விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும் பாதுகாப்புப் பணியகத்துக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு சோதனைத் தடுப்பிலும் பிடிமானத்துடன் ஓர் இருக்கை. முழுமையாக மூடும் திரை. தட்டைத் தன் கண்ணெதிரே வைத்துக்கொள்ளும் உரிமை. கழற்றச் சொன்னால் அதற்கான காரணத்தைப் பதிவேட்டில் எழுதும் கட்டாயம். இவை அனைத்தும் மாநில மொழியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வாயிலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். இத்தகைய அனுபவம் உள்ளவர்கள் நாள், நேரம், சொல்லப்பட்ட சொற்கள் ஆகியவற்றை நினைவிலிருந்து மறையும் முன் எழுதி எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். பணியாளரின் பெயர் வேண்டாம். பழையகாவலர் ஐயா வரைவைப் படித்து, நடைமுறைக்கு ஒவ்வாத வரிகள் இருந்தால் அடித்துத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழையகாவலர் எழுதியது:

அனுப்புங்கள், படித்துத் தருகிறேன். பதிவேட்டைப் பற்றிய வரியை முதலில் வையுங்கள். காரணத்தை எழுத வேண்டும் என்றால், தேவையில்லாமல் கழற்றச் சொல்வது தானாகவே குறையும்.